விழித்திரையின் வரலாறும் காலத்தின் அருமையும்

ஐம்பொறிகளுள் கண்ணுக்குத் தமிழ் மக்கள் அளித்துள்ள ஏற்றம் பெரிது. குழந்தையைக் 'கண்ணே' என்று கொஞ்சுகின்றோம். இரக்கத்தைக் 'கண்ணோட்டம்' என்கின்றோம். அரிய பொருளைக் கண்போல் காக்க வேண்டும் என்கின்றோம். இவ்வளவு போற்றப்பெறும் கண்ணின் உட்புறத்தை, உயிருள்ள மனிதரிடத்தே மருத்துவர்கள் தெளிவாகக் காணத் தொடங்கியது 1851-ஆம் ஆண்டை ஒட்டியே என்றால் வியப்பாக இருக்கும். அதற்கு முன்னர் ஆயிரமாயிரம் ஆண்டுகள் கண்மணி ஓர் இருண்ட வாயிலாகவே இருந்தது. அவ்வாயில் திறந்த வரலாற்றையும், அதன்பின் விழித்திரைச் சிதைவு நோய்களை அறியவும் தணிக்கவும் அறிஞர்கள் எடுத்த முயற்சிகளையும் இவ்வாண்டு மலரில் நம் குடும்பங்களின் முன்னர் வைக்க விரும்புகின்றோம்.

இதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் காலனியில், ஊரை விட்டு வந்து மக்களோடு தங்கியிருக்கும் பெரியோர் பலர். அவர்களுக்குப் பார்வை மங்கினால், "புரை விழுந்திருக்கிறது, முற்றட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு. கண்புரையைப் பொறுத்தவரை ஒரு காலத்தில் மருத்துவரே சொன்ன அறிவுரை அது. புரை முற்றினால்தான் அதனை எடுப்பது எளிது என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் விழித்திரை நோய்க்கு இப்பேச்சு பொருந்தாது. அங்கே காத்திருந்து இழந்ததை எந்த அறுவையும் மீட்டுத் தருவதில்லை. இவ்வேறுபாட்டை வரலாறே நமக்கு எடுத்துக் காட்டும்.

இருண்டிருந்த அறை

சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூல் கண்நோய்களை எழுபத்தாறு என வகைப்படுத்தியது. புரையை ஊசியால் தள்ளும் முறையையும் கூறியது. கிரேக்க மரபில் வந்த காலன் முதலியோர், கண்ணின் நடுவிலுள்ள பளிங்கு போன்ற வில்லையே பார்வையின் இருப்பிடம் என்று எண்ணினர். அக்கருத்து ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. 1583-இல் பாசல் நகரத்து பிளாட்டர் என்பார், ஒளியை உணர்வது பின்னால் உள்ள மெல்லிய படலமே என்று எழுதினார். 1604-இல் கெப்ளர், உலகின் உருவம் தலைகீழாக அப்படலத்தின்மேல் விழுகின்றது என்று ஒளியியலால் நிறுவினார்.

அப்படலமே விழித்திரை. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு. அதனுள் மங்கிய ஒளியில் காண்பதற்கு உதவும் கோல் அணுக்கள் ஏறத்தாழ 12 கோடியும், நிறத்தையும் நுண்மையையும் காணும் கூம்பு அணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சமும் உள்ளன. நடுவில் மஞ்சள் புள்ளி என்னும் சிற்றிடம் ஒன்று உண்டு. நாளிதழ் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவர் முகத்தை அறிவதும் அச்சிற்றிடத்தின் தொழில். இவ்வணுக்கள் நரம்பு இனத்தைச் சேர்ந்தவை. மனிதரிடத்தில் அவை ஒருமுறை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இக்கட்டுரையில் பின்னர் வருவன எல்லாம் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைந்தவை.

வாயில் திறந்த நாள்

உள்ளே விழித்திரை உண்டு என்று அறிந்திருந்தும் அதனைக் காண முடியவில்லை. கண்மணி ஏன் கறுப்பாகத் தோன்றுகின்றது? கண்ணுள் புகுந்த ஒளி, வந்த வழியே திரும்பிச் செல்கின்றது. அதனைக் காண நம் தலையை அவ்வழியில் வைத்தால், தலையே ஒளியை மறைத்து விடுகின்றது. கேனிக்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்த எல்ம்ஹோல்ட்ஸ், மாணவர்க்கு இதனை விளக்க முற்பட்டபோது ஒரு வழி கண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்து, அவற்றில் பட்டுத் திரும்பும் விளக்கொளியைக் கண்ணுள் செலுத்தி, அத்தகடுகளின் ஊடேயே தாம் நோக்கினார். இருண்ட வாயில் செந்நிறமாக ஒளிர்ந்தது. குருதிக் குழாய்கள் கொடிபோல் படர்ந்திருப்பது தெரிந்தது. 1850-ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லின் அறிஞர் கழகத்தில் இதனை அறிவித்து, 1851-இல் சிறு நூலாக வெளியிட்டார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1847-இல், இங்கிலாந்தில் கணித எந்திரங்களால் புகழ்பெற்ற பாபேஜ் இத்தகைய கருவியொன்றைச் செய்து ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார். அதன் அருமை அன்று உணரப்படாமல் போயிற்று. கருவி கையில் இருந்தும் பயன்படாத நிலை, இவ்வரலாற்றில் மீண்டும் காணப் போவதாகும்.

பெயர் பெற்ற நோய்கள்

வாயில் திறந்த சில ஆண்டுகளிலேயே உள்ளிருந்த நோய்கள் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றன. 1857-இல் ஆலந்து நாட்டு தாண்டர்ஸ், விழித்திரையின் ஓரங்களில் எலும்புச் சிம்புகளைப் போல் கருநிறம் படிந்திருந்த நோய்க்கு 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று பெயரிட்டார். அப்பெயர் அழற்சியைக் குறிப்பது. உண்மையில் அழற்சி அதற்கு மூலமன்று. பிறப்பிலேயே வரும் குறையால் அணுக்கள் சிறிது சிறிதாக மடிவதே அந்நோய். எனினும் பெயர் நிலைத்து விட்டது. உலகில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவரிடம் இந்நோய் காணப்படுகின்றது. முதலில் கோல் அணுக்கள் கெடுவதால் இளமையிலேயே இரவுப் பார்வை குன்றும். பின்னர்ப் பக்கப் பார்வை சுருங்கி, குழாயின் வழியே காண்பது போலாகும்.

இங்கு நம் வீட்டார் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'மாலைக்கண்' என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு நோய்களைக் குறித்து வந்துள்ளோம். ஒன்று, ஏ உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. பழைய எகிப்திலும் கிரேக்கத்திலும் விலங்கின் ஈரலைக் கொடுத்து அதனைப் போக்கினர். 1933-இல் ஜார்ஜ் வால்ட் அந்த உயிர்ச்சத்து விழித்திரையிலேயே இருப்பதைக் கண்டறிந்ததும், அம்மருத்துவத்தின் காரணம் விளங்கியது. இவ்வகை, ஊட்டத்தால் நீங்கும். மற்றொன்று மரபாக வருவது. முருங்கைக் கீரையும் கேரட்டும் எவ்வளவு உண்டாலும் நீங்காது. எனவே, மாலையில் தடுமாறும் சிறுவனுக்குக் கீரை சமைத்துக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவன் கண் எவ்வகையைச் சேர்ந்தது என்று காட்டி அறிதல் வேண்டும்.

முதுமையில் வரும் மஞ்சள் புள்ளிச் சிதைவை 1874-இல் இலண்டனில் அட்சின்சன், டே என்னும் இருவர் விவரித்தனர். 1885-இல் சுவிட்சர்லாந்தின் ஆப் அதற்கு முதுமைச் சிதைவு என்று பெயர் தந்தார். ஐம்பதைக் கடந்தோரைப் பற்றும் இந்நோய் இரு வகைப்படும். உலர் வகை, மெல்ல மெல்ல அணுக்களைத் தேய்ப்பது. ஈர வகை, விழித்திரையின் அடியில் புதிய குருதிக் குழாய்கள் முளைத்து, கசிந்து, சில வாரங்களிலேயே நடுப் பார்வையைப் பறிப்பது. ஈர வகை எண்ணிக்கையில் குறைவு. அது விளைக்கும் கேடோ மிகுதி.

அளந்தறியும் காலம்

கண்டும் பெயரிட்டும் ஆயின. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவிற்கு நோய் முதிர்வதற்கு முன்பே அறிவது எவ்வாறு? 1865-இல் சுவீடன் நாட்டு ஓம்கிரன், ஒளி படும்போது தவளையின் விழித்திரையில் மின் அலை எழுவதைக் கண்டார். எண்பது ஆண்டுகள் கழித்து, 1945-இல், அதே நாட்டு கார்ப்பே அம்மின் அலையை நோயாளரிடம் அளந்து, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவரிடம் அது அடங்கிப் போயிருப்பதைக் காட்டினார். கருநிறம் படியும் முன்னரே நோயை அறிய இச்சோதனை வழி செய்தது.

அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக் கழகத்தில் நொவாட்னி, ஆல்விஸ் என்னும் மருத்துவ மாணவர் இருவர், கையிலுள்ள சிரையில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் பாய்வதைப் படம் பிடித்தனர். முதலில் ஊசி ஏற்றுக்கொண்டவர் ஆல்விஸ். அவர்தம் கட்டுரை 1961-இல் வெளியானது, அதுவும் குருதியோட்டம் பற்றிய இதழில். எங்கே குழாய் கசிகின்றது என்பது முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. 1967-இல் மயாமி நகரத்து காஸ் இம்முறையைக் கொண்டு, முன்னர் வெவ்வேறெனக் கருதப்பட்ட தோற்றங்கள் பல ஒரே மஞ்சள் புள்ளிச் சிதைவின் படிகள் என்று தெளிவாக்கினார்.

1991-இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த அறிஞர் குழு, ஒளியின் எதிரொலியைக் கொண்டு விழித்திரையைத் தொடாமலே அதன் குறுக்குவெட்டுப் படத்தை எடுக்கும் முறையை வெளியிட்டது. இன்று கண் மருத்துவமனைகளில் 'ஓ.சி.டி.' என்று வழங்குவது அதுவே. ஊசி இல்லை, வலி இல்லை. முகவாயைத் தாங்கியில் வைத்துச் சிறிது நேரம் அசையாமல் நோக்கினால் போதும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த மாற்றத்தையும் இக்கருவி காட்டிவிடும்.

இத்தனை கருவிகளுக்கிடையே, காசு செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் 1940-களில் வகுத்த கட்டத்தாள் அது. நடுவில் ஒரு புள்ளியிட்ட சதுரக் கட்டங்களை, படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி மற்றதால் நோக்க வேண்டும். கோடு வளைந்தோ, இடையில் மறைந்தோ தோன்றினால் மஞ்சள் புள்ளியில் குறை இருக்கக் கூடும். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டே இதற்குப் போதும். ஜன்னல் கம்பி வளைந்து தெரிகின்றது என்றோ, கோலம் போடுகையில் புள்ளி வரிசை கோணலாகின்றது என்றோ பாட்டிமார் சொன்னால், அதனை முதுமையின் புலம்பல் என்று தள்ளிவிடலாகாது. இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆதலால்தான் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கச் சொல்கின்றனர்.

தணிக்கும் முயற்சிகள்

1945-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கிய மாணவர் ஒருவரின் விழித்திரையில் சூடுபட்ட தழும்பைக் கண்ட ஜெர்மன் மருத்துவர் மையர்-ஷ்விக்கராத், ஒளியையே மருந்தாக்கலாமே என்று எண்ணினார். முதலில் சூரிய ஒளியையும், பின்னர் மின்விளக்கின் கடும் ஒளியையும் கொண்டு நோயுற்ற இடத்தைச் சுட்டார். 1960-இல் லேசர் பிறந்தபின் இம்முறை நுண்மை பெற்றது. 1982-இல் வெளியான ஓர் ஆய்வு, மஞ்சள் புள்ளியின் நடுவுக்கு வெளியே முளைத்த குழாய்களை லேசரால் சுட்டால் கேடு குறையும் என்று காட்டியது. ஆனால் சுட்ட இடம் தழும்பாகும். குழாய் நடுவிலேயே முளைத்தவர்க்கு நோயும் மருந்தும் ஒரே கேட்டைச் செய்தன.

திருப்பம் புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. கட்டிகள் வளரப் புதிய குருதிக் குழாய்கள் தேவை, அவற்றைத் தடுத்தால் கட்டியும் அடங்கும் என்று 1971-இல் போக்மன் கூறினார். குழாய்களை முளைக்கச் செய்யும் புரதம் 1989-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை அடக்கும் ரானிபிசுமாப் என்னும் மருந்தைக் கண்ணுள் ஊசியால் செலுத்த 2006-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. ஓராண்டு ஆய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் பார்வையில் பெரும் இழப்பின்றி நின்றனர். மூன்றில் ஒரு பங்கை எட்டும் தொகையினர்க்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவில் கூடியது. ஈர வகை நோயில் அதுவரை காணாத பயன் இது.

அம்மருந்தின் விலை அன்று ஊசி ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 டாலராக இருந்தது. அதற்கு நெருங்கிய உறவான பெவாசிசுமாப், குடல் புற்றுநோய்க்கென வந்தது; சிறு அளவாகப் பிரித்தால் ஏறத்தாழ 50 டாலரில் அடங்கியது. 2011-இல் அமெரிக்க அரசின் ஆதரவில் நடந்த ஆய்வு, பார்வையைக் காப்பதில் இரண்டும் ஒப்பானவை என்று கண்டது. நம் நாட்டிலும் 2015-இல் ரானிபிசுமாப்பின் ஒத்த மருந்து ஒன்று வெளிவந்தது. எனினும் இம்மருந்துகளின் பயன் தங்கி நிற்பதன்று. மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் மீண்டும் செலுத்த வேண்டும். இரண்டு ஊசியில் சற்றுத் தெளிவு கண்டதும் ஊருக்குப் போய்விட்டு, ஆறு திங்கள் கழித்து வருவோர், பெற்ற பயனையும் இழக்கின்றனர். பாபேஜின் கருவி கிடந்தது போலவே, மருந்து இருந்தும் பயன்படாத நிலை இது.

உலர் வகைக்கு இத்தகைய மருந்து வாய்க்கவில்லை. இடைநிலையை அடைந்தவர்கள் சில உயிர்ச்சத்துகளையும் துத்தநாகத்தையும் உரிய அளவில் உண்டால், நோய் முற்றும் வாய்ப்பு ஐந்தாண்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்று 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. நோய் இல்லாதோர் இம்மாத்திரையை விழுங்குவதால் நோய் வராமல் தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. முற்றிய நிலையில் சிதைவு பரவுவதை மெதுவாக்கும் இரண்டு ஊசி மருந்துகளுக்கு 2023-இல் அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. அவையும் இழந்த பார்வையைத் தருவன அல்ல. புகை பிடித்தல் இந்நோயை வளர்க்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. அதனை விடுவதற்குச் செலவு ஏதுமில்லை.

மரபின் மறைபொருள்

மரபு நோயின் வேரை 1990-இல் டிரைஜா முதலியோர் தொட்டனர். ஒளியை உணரும் ரோடாப்சின் என்னும் பொருளின் மரபணுவில் ஒரு பிழை, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவை விளைக்கக் கண்டனர். இன்று அந்நோய்க்குரிய மரபணுக்கள் எண்பதுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. 2001-இல், பிறவியிலேயே பார்வை குன்றிய நாய்களின் விழித்திரையில், 'ஆர்.பி.ஈ.65' என்னும் மரபணுவின் நல்ல படியைத் தீங்கற்ற வைரசில் ஏற்றிச் செலுத்தினர். அவை பார்வை பெற்றன. 2008-இல் மனிதரிடம் செய்த முதல் சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. 2017-இல் அம்மருத்துவத்திற்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. அறிவித்த விலை, இரு கண்களுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். அந்த ஒரு மரபணுவில் குறையுடையோர்க்கு மட்டுமே அது பயன்படும். அவரிடத்தும் உயிருள்ள அணுக்கள் எஞ்சியிருந்தால்தான் பயன்படும். இங்கும் காலமே தீர்ப்பளிக்கின்றது.

மரபைப் பற்றிப் பேசுகையில் நம் திருமண வழக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். அயலூரில் வாழும் நாம், "உறவு விட்டுப் போகக் கூடாது" என்று அக்காள் மகளையும் அத்தை மகனையும் தேடுவது இயல்பு. தாய் மாமனும் மருமகளும் மரபில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை மாமன் மக்கள் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகப் பெற்றவர்கள். ஒரே குறையை இருவரும் மறைவாகத் தாங்கியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இக்கருத்து புதிதன்று, 1861-இலேயே லீப்ரைக் என்னும் மருத்துவர் பெர்லினில் உறவுத் திருமணத்திற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். உறவில் மணந்தோர் எல்லார்க்கும் இது வரும் என்பதன்று. யாரையும் பழிப்பதும் எம் நோக்கமன்று. குடும்பத்தில் ஒருவர்க்கேனும் மரபு மாலைக்கண் இருந்தால், நாள் பார்ப்பதற்கு முன்னர் மரபியல் மருத்துவரின் அறிவுரை பெறுக என்பதே வேண்டுகோள். பிள்ளைக்கு இரவில் கண் தெரியாததை ஒளித்து மணம் முடிப்பது, இரு வீட்டார்க்கும் பிறக்கப்போகும் மகவுக்கும் இழைக்கும் தீங்காகும்.

நம் கடமை

கண் மருத்துவத்தில் நம் தாயகம் பின்தங்கியதன்று. சென்னைக் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. இத்துறைக்கென உலகில் எழுந்த மிகப் பழைய நிலையங்களுள் ஒன்று. 1976-இல் மதுரையில், ஓய்வு பெற்ற வயதில் டாக்டர் வேங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978-இல் டாக்டர் பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். தில்லியில் அனைத்திந்திய மருத்துவக் கழகத்தின் இராஜேந்திர பிரசாத் கண் மையம் 1967-இல் எழுந்தது. ஆதலால் எங்கே வாழ்ந்தாலும் காட்டுவதற்கு இடம் உண்டு.

ஐம்பதைக் கடந்தோர் மருத்துவர் சொல்லும் கால அளவில் கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதித்துக் கொள்க. சர்க்கரை நோயுடையோர்க்கு விழித்திரை வேறு வகையில் கெடும்; அவர்கள் ஆண்டுதோறும் காட்டுதல் வேண்டும். கோடு வளைந்து தெரிந்தால் அந்த வாரமே செல்க. தொடங்கிய ஊசியை இடையில் நிறுத்தற்க. மடிந்த அணுக்களை உயிர்ப்பிப்போம் என்று பணம் கேட்போரிடம் விழிப்பாயிருக்க. அமெரிக்காவில் மெய்ப்பிக்கப்படாத மூல உயிரணு ஊசியைப் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்த செய்தி 2017-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

பார்வையை முன்னரே இழந்தோர் நம்மிடையே உள்ளனர். அவர்க்குப் பெரிதாக்கும் கண்ணாடி, வெண்கோல், எழுத்தைப் படித்துக் காட்டும் கைப்பேசி, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமைகள் ஆகியன உண்டு. சங்கத்தின் கூட்டத்திற்கும் நூலகத்திற்கும் அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வருவது நம் பொறுப்பு.

பண்டைக் காலத்தில் உள்ளே நடப்பதை அறிய வழியின்மையால் நம் பெரியோர் காத்திருந்தனர். அது அவர் குற்றமன்று. வழி கிடைத்தபின் காத்திருப்பதற்கு நாமே பொறுப்பாளர். விழா முடிந்து இல்லம் திரும்பியதும், கட்டத்தாள் ஒன்றை வீட்டுப் பெரியோர் முன் வைத்து, ஒரு கண்ணை மூடி மற்றொரு கண்ணால் நோக்கச் சொல்லுமாறு ஒவ்வொரு குடும்பத்தையும் வேண்டுகின்றோம். அனைவர் கண்ணும் நெடிது விளங்குக என்று வாழ்த்தி அமைகின்றோம்.